சம்பந்தி வீட்டு இஞ்சின்

முதன்முதலில் அந்தக் காரைப் பார்த்தபோது அவள் கையில் யாரோ ஒருவருடைய மேல்தாடைப் பல் செட் இருந்தது. ஈரப் பஞ்சில் சுற்றி டப்பாவில் போட்டு, டாக்டர் வீட்டிலேயே கொடுத்துவிடலாம் என்று எடுத்துப் போயிருந்தாள். டாக்டர் அன்றைக்குப் பார்த்து வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டை ஒழித்துக்கொண்டிருந்தார். கட்டில் சட்டம், உடைந்த மேசை விசிறி, பத்திரிகைக் கட்டு என்று ஒவ்வொன்றாக வெளியே வர வர, உள்ளே இருட்டின் அடியில், குளம் வற்றும்போது தெரியவரும் பாறை மாதிரி, மெல்ல மெல்ல அது தெரிந்தது.

நீண்ட மூக்கு. பின்பக்கம் வழிந்து இறங்கும் கூரை. இரண்டே இரண்டு இருக்கை, அதிலும் ஒன்றுக்குப் பஞ்சு இல்லை. அவள் கட்டைவிரலால் தூசியைத் தேய்த்துப் பார்த்தாள். அணைந்துவிட்டது என்று நினைத்த அடுப்பைக் கிளறினால் கண் விழிக்குமே, அந்தக் கங்கின் ஆரஞ்சு நிறம் அடியில் இருந்தது.

ஜப்பான் வண்டி என்றார் டாக்டர். அவருடைய அண்ணன் வெளிநாட்டுக்குக் குடிபோனபோது விட்டுப்போனதாம். அந்தக் காலத்தில் ரோட்டில் போனால் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பார்களாம். இப்போது எலி குடித்தனம் நடத்துகிறது, யாராவது இழுத்துக்கொண்டு போனால் கோடி புண்ணியம் என்று சொல்லிவிட்டு அவர் பல் செட்டைப் பிரித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் எடுத்துக்கட்டுமா டாக்டர்?"

கேட்டது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து பல் கட்டுவதுதான் தொழில். டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவள் மெழுகில் பல் செதுக்கி, சாந்தில் புதைத்து, உலையில் வைப்பாள். மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் ஒரு வெற்றிடம் மட்டும் மிஞ்சும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றினால் பல். ஊரில் பாதிப் பேர் அவள் புண்ணியத்தில்தான் மென்று தின்றார்கள். ஒருவர் முகமும் அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். லாரியில் கயிறு கட்டிக் கொண்டுவந்து பின்னறைச் சுவரை ஒட்டி இறக்கிய காரை அவர் சுற்றி வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார், எங்கே தொட்டுத் தொலைத்துவிடுவோமோ என்பதுபோல.

"உலகத்துல எல்லாப் பொம்பளையும் சக்களத்தி வந்துடக் கூடாதுன்னு பயப்படுவா," என்றார். "நீ ஒருத்திதான் கயிறு கட்டி இழுத்துட்டு வந்திருக்க."

நாள் பூரா ஒரு வண்டியைக் கட்டி அழுதுவிட்டு வருகிறேன், வீட்டுக்கு வந்தால் இன்னொன்றா, என்னை மட்டும் கூப்பிடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளும் கூப்பிடவில்லை. வேலை முடிந்த சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளிலும் தனியாகத்தான் கழற்றினாள். கழற்றியதையெல்லாம் கழுவி, கம்பியில் கோத்து, பின்னறைக் கூரையிலிருந்து தொங்கவிட்டாள். ஜன்னல் வழியாகக் காற்று வந்தால் அவை ஒன்றோடொன்று மோதி மெதுவாகச் சத்தம் போடும். கீழே மேசையில் வரிசை வரிசையாகப் பற்கள். மேலே ஒரு காரின் எலும்புகள். நடுவில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குக் கண் சொக்கும். எதுவோ கட்டி முடிக்கப்படக் காத்திருக்கிறது, தான் அதன் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றும்.

கனவிலும் அதே கார்தான் வந்தது. கனவில் அதற்கு இஞ்சின் கிடையாது. சத்தமே இல்லாமல் ஈரத் தெருக்களில் வழுக்கிக்கொண்டு போகும்.

பகலில்தான் சிக்கல். அந்த வண்டியைத் தயாரிப்பதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கடையில் போய்க் கேட்டால் ஒரு மாதிரி பார்த்தார்கள். அதே வண்டியை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தவர்களின் குழு ஒன்று போனில் இருந்தது. அதில் எல்லாரிடமும் ஏதோ ஒன்று கூடுதலாக இருந்தது, ஏதோ ஒன்று இல்லாமல் இருந்தது. விற்பதைவிட மாற்றிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். அவளுடைய காரில் இடது பின்விளக்கு உடைந்திருந்தது. டிக்கியைக் கிளறியபோது புத்தம்புது விளக்கு ஒன்று பெட்டியோடு கிடைத்தது. அதுவும் வலதாகப் போய்விட்டது.

அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்ட அன்றே ஒருவர் கூப்பிட்டார். மலைக்கு அந்தப் பக்கம் கடலோர ஊரில் லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவர். கரகரத்த குரல், அவசரமே இல்லாத பேச்சு.

"உங்க வீட்ல ரெண்டு வலது. எங்க வீட்ல ரெண்டு இடது. பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுத்துக்குவோமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிங்க சம்பந்தி," என்றாள்.

அன்றிலிருந்து அவர் சம்பந்தி, அவள் சம்பந்தியம்மா. பார்சல்கள் மலையைத் தாண்டிப் போயின, வந்தன. அவர் கதவு ரப்பர் அனுப்பினார். இவள் கடிகாரத்தின் முள்ளை அனுப்பினாள். அவரிடமும் அதே ஜப்பான் வண்டிதான், நிறம் மட்டும் பச்சை. உப்புக் காற்று தின்ற உடம்பை முதலில் சரிசெய்துவிட்டு, இஞ்சினைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் ஒத்திப் போட்டிருந்தார். இவளுடையது நேர்மாறு. உடம்பு பரவாயில்லை, அதனால் இஞ்சினில்தான் முதலில் கை வைத்தாள்.

ஒருமுறை இரண்டு பேரிடமும் இல்லாத ஒன்று வந்து நின்றது, ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி. குழுவில் எவரிடமும் இல்லை. கிடைக்காது, விட்டுவிடுங்கள் என்றார் சம்பந்தி. அவள் அன்றைக்கு ஒரு கடைவாய்ப் பல்லுக்கு மெழுகு செதுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பாதியில் நின்றது. இல்லாத இடத்தில் ஒன்றை உண்டாக்குவதைத்தானே இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. யாரோ அனுப்பிய போட்டோவைப் பார்த்து மெழுகில் கைப்பிடி செதுக்கினாள். உள்ளே இருக்கும் பல் வரிசை கச்சிதமாக அமைய வேண்டும். பல் வரிசை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சாந்தில் புதைத்தாள், உலையில் வைத்தாள், ஊற்றினாள். ஆறியதும் சாந்தை உடைத்தால் குழந்தை மாதிரி வெளியே வந்தது கைப்பிடி. இரண்டாவதும் செய்து சம்பந்திக்கு அனுப்பினாள்.

அவர் சும்மா இருக்காமல் குழுவில் போட்டுவிட்டார். அதன்பிறகு உலகத்தின் ஏதேதோ மூலையிலிருந்து சாமான்கள் வரத் தொடங்கின. கைப்பிடிக்குப் பதில் கார்புரேட்டர் ஊசி. இன்னொருவருக்கு வார்த்த கொக்கிக்குப் பதில் பஞ்சு போன இருக்கைக்கு ஒரு உறை. சோக் இழுக்கும் குமிழ் மட்டும் உடைந்துகொண்டே இருந்தது. கடைசியில் பல் செட்டுக்கு வைத்திருந்த ஈறு நிறப் பசையிலேயே ஒன்று வார்த்து மாட்டினாள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, வண்டிக்கு ஈறு தெரிகிறது, சிரிக்கிறது போல என்றார். எட்டிப் பார்த்ததை அவள் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டாள்.

இஞ்சின் ஓடிய நாள் மழைத் தூறலோடு விடிந்த ஒரு ஞாயிறு. முதலில் இருமியது. பிறகு ஒரு புகை. பிறகு ஆறு சிலிண்டரும் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்ட மாதிரி ஒரே சீராக முனக ஆரம்பித்தது. கூரையில் மிச்சமிருந்த கம்பிகள் அதிர்ந்தன. மேசை மேல் பற்கள் டக டகவென்று ஆடின. அவள் போனை இஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தாள். மலைக்கு அந்தப் பக்கம் சம்பந்தி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மூச்சு மட்டும் கேட்டது.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. வண்டி மூடிக்கு அடியில் கம்பெனி பொருத்திய நம்பர் தகட்டை உப்பு அரித்துவிட்டது, உங்களுடையதைப் பார்த்துப் புதிதாக ஒன்று வெட்டிக்கொள்கிறேன், ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று அவர் கேட்டார். அவள் தகட்டைத் துடைத்தாள். அதில் இஞ்சின் நம்பரும் இருந்தது. சும்மா ஒரு ஆசைக்கு இஞ்சின் மேலேயே பொறித்திருந்த நம்பரையும் துடைத்துப் பார்த்தாள். வேறாக இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். வேறுதான்.

அவருடைய இஞ்சின் நம்பரைப் படிக்கச் சொன்னாள். அவர் டார்ச் அடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல, அவள் தன் தகட்டில் விரலை நகர்த்திக்கொண்டே வந்தாள். விரல் கடைசி எண்ணில் நின்றது. அரித்துப்போன அவருடைய தகட்டிலும் மிஞ்சியிருந்த எண்கள் இவள் இஞ்சினில் இருந்தவையே. இவள் வண்டியின் இஞ்சின் அவர் வண்டியில். அவர் வண்டியின் இஞ்சின் இவள் வண்டியில்.

அவள் விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் வெளிநாட்டு அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். போனிலேயே அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தாராம். அவரும் அவருடைய சகலையும் ஒரே சமயத்தில் ஒரே வண்டியை வாங்கியவர்கள். அக்காவுக்கு ஒரு வண்டியும் தங்கைக்கு அதைவிட நல்ல வண்டியும் அமைந்துவிட்டால் வீடு வீடாக இருக்காது அல்லவா. ஆனால் மலை ரோட்டில் போட்டி வைத்தால் எப்போதும் சகலைதான் ஜெயிப்பார். உன் இஞ்சின் ராசி என்று இவர் சொல்ல, அப்படியானால் மாற்றிப் பார்த்துவிடுவோம் என்று அவர் சொல்ல, ஒரு விடுமுறை முழுக்க இரண்டு பேரும் கரியும் எண்ணெயுமாக உருண்டு இஞ்சின்களை மாற்றிவிட்டார்கள். மாற்றிய பிறகும் சகலையே ஜெயித்தார். அப்புறம் சகலைக்கு வேலை மாற்றல் வந்து மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். திருப்பி மாற்ற யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. சகலையின் மகளிடமிருந்துதான் லிஃப்ட்காரர் பச்சை வண்டியை வாங்கியிருந்தார்.

கதை கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அவள் கையால் அவிழ்த்து, கழுவி, ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கி மூச்சு வரவைத்த இஞ்சின், பிறந்த வீடு என்று பார்த்தால் சம்பந்தியினுடையது. தகடு அப்படித்தான் சொல்கிறது. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள வேண்டியது அங்கே கடற்கரையில் இறுகிக் கிடக்கிறது. கார்புரேட்டர் வாய் வழியாகத் தண்ணீர் இறங்கி, பிஸ்டன்கள் கல்லாகிவிட்டதாக அவரே முன்பு சொல்லியிருந்தார்.

அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். கடைசியில் இவளே, வேனில் உங்களிடம் கிடக்கும் இஞ்சினை ஏற்றிக்கொண்டு ஒருநாள் வாருங்கள், முகம் பார்த்துப் பேசிக்கொள்வோம் என்றாள்.

அவரும் மனைவியும் வந்தார்கள். குரலை வைத்து அவள் நினைத்திருந்ததைவிட ஒல்லியான மனுஷர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டார்ச். ஆரஞ்சு வண்டியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அவள் ஸ்டார்ட் செய்தாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து அப்படித்தான் கேட்பார் என்று அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்.

"எடுத்துக்கங்க சம்பந்தி," என்றாள் அவள். "அது உங்க வீட்டுப் பொண்ணு."

வேண்டாம் என்று சொல்வார் என்று அவள் நிச்சயமாக நம்பினாள். வீட்டுக்காரரும் அப்படித்தான் நம்பினார் போல; வாசலில் நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தி சட்டைப் பையிலிருந்த டார்ச்சைத் தடவிக்கொண்டார்.

"வேண்டாம்னு சொல்லணும்னுதான் வழியெல்லாம் நினைச்சுட்டு வந்தேன்," என்றார். "இப்ப வாய் வரமாட்டேங்குது. அது சத்தத்தைக் கேட்டுட்டேன் இல்ல, அதான்."

சங்கிலி போட்டு இஞ்சினைத் தூக்கும் வேலை லிஃப்ட்காரருக்குப் பழகிய வேலை. ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் எடுத்தார். காற்றில் தொங்கிக்கொண்டு அது மெல்லச் சுற்றியபோது அவள் உள்ளே போய்விட்டாள். கை கழுவினாள். கழுவிய கையையே மறுபடி கழுவினாள். வெளியே வந்தபோது வேன் கிளம்பியிருந்தது. பின்னறையின் நடுவில் துருப்பிடித்த ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி. அதில் அவர் பல வருஷமாகச் சேர்த்திருந்த பிஸ்டன் ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி அடுக்கியிருந்தன.

"சீரோடதான் அனுப்பியிருக்காரு," என்றார் வீட்டுக்காரர். அவள் சிரிக்கவில்லை.

பல நாள் அவள் அதைத் தொடவில்லை. பல் வேலை மட்டும் பார்த்தாள். கோபம் அவர் மேலா, தன் மேலா, அந்த எண்கள் மேலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சம்பந்தியும் கூப்பிடவில்லை. கனவுகூட வரவில்லை. தூக்கம் வெறும் வெள்ளைச் சாந்து மாதிரி இருந்தது.

ஒரு மத்தியானம் சம்பந்தியின் மனைவி கூப்பிட்டார். சுகமா, சாப்பிட்டாச்சா என்று சுற்றிவளைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"வண்டி எல்லாம் தயாராயிடுச்சும்மா. இவர் ஓட்ட மாட்டேங்கறாரு. போர்வை போட்டு மூடி வெச்சிருக்காரு. உங்க வண்டி ஓடின பிறகுதானாம். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

போனை வைத்துவிட்டு அவள் பின்னறைக்குப் போனாள். வீட்டுக்காரர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அந்தத் துருக்கட்டியின் முன்னால் குந்தியிருந்தார். கையில் அவளுடைய மெழுகு ஊற்றும் சின்னக் கரண்டி. ஸ்பார்க் பிளக் துவாரங்களில் ஒவ்வொன்றாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், பாலாடையில் பிள்ளைக்குப் பால் புகட்டுவதுபோல.

எப்போதிருந்து என்று கேட்டாள். டெப்போ மெக்கானிக் யோசனை சொன்னான், கொண்டுவந்த நாளிலிருந்தே விடுகிறேன், நீ சமையலறையில் இருக்கும்போது என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"முதல்ல அப்படியே தேங்கி நின்னுச்சு. இப்பக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்குது. உள்ள எங்கயோ வழி விடுது போல."

அவள் நீளமான ஸ்பானரை எடுத்து முன்பக்கத்துப் பெரிய நட்டில் மாட்டினாள். அசையவில்லை. அவரும் பிடித்தார். இரண்டு பேரும் ஒரு மூச்சுக்கு இழுத்தார்கள். ஒரு மயிரிழை. அசைந்ததா, தங்கள் கைதான் வழுக்கியதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் இழுத்தார்கள். இன்னொரு மயிரிழை. வயிற்றில் பிள்ளை புரண்ட மாதிரி இருந்தது என்று அவள் பிற்பாடு சம்பந்தியின் மனைவியிடம் சொன்னாள்.

அந்த இஞ்சினுக்கு முந்தையதைவிட அதிக நாள் பிடித்தது. பெட்டியில் இருந்த சாமான்கள் எல்லாமே பொருந்தின. சம்பந்தி எத்தனை பொறுமையாக அலைந்து இவற்றைத் தேடியிருப்பார் என்று ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது தெரிந்தது. எண்ணெய்க் காகிதம் பிரியப் பிரிய அவளுக்கு அவர் மேலிருந்த கோபமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போயிற்று. வீட்டுக்காரர் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார், விளக்கு பிடித்தார், தேவையில்லாத இடத்தில் யோசனை சொன்னார். பஸ்ஸில் நடந்ததையெல்லாம் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

ஓட ஆரம்பித்தபோது அதன் குரல் வேறு மாதிரி இருந்தது. முந்தையது முனகும், இது தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொல்ல வருவதுபோல ஆழமாகப் பேசியது. அவளுக்கு உடனே பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. புதுசாக வந்த மருமகளிடம் பேசுவதுபோல நிதானமாகத்தான் பழகினாள். சம்பந்திக்குப் போன் போட்டாள். அவர் எடுத்ததும் போனை இஞ்சின் பக்கம் பிடித்தாள்.

கேட்டு முடித்துவிட்டு அவர், "போர்வையை எடுத்துடறேன் சம்பந்தியம்மா," என்றார்.

மலை உச்சியில், இரண்டு பக்கத்து ரோடும் சேரும் இடத்தில் சந்திப்பது என்று முடிவாயிற்று. விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர்தான் ஓட்டினார். வளைவுகளில் பஸ் ஓட்டுகிறவர் மாதிரியே ஸ்டியரிங்கை அகலமாக வளைத்தார். பிறகு வண்டி சொல்வது புரிந்து, விரலால் மட்டும் திருப்பினார். மேலே போகப் போகப் பனி அடர்ந்தது. மரங்கள் பாதி வரைதான் இருந்தன. ரோடு எங்கே முடிந்து காற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஆரஞ்சு மூக்கு அந்த வெள்ளையைக் கிழித்துக்கொண்டு போகவில்லை, அதில் மிதந்துகொண்டு போயிற்று.

எதிரே பனிக்குள் இரண்டு மங்கிய வெளிச்சம் தெரிந்தது. அதற்கு முன்பே அவளுக்குச் சத்தம் கேட்டுவிட்டது. அந்த முனகல். எங்கே கேட்டாலும் அவளுக்கு அது தெரியும்.

பச்சை வண்டி பக்கத்தில் வந்து நின்றது. சம்பந்தி இறங்கினார். அவளிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று தயார் செய்துகொண்டு வந்திருந்தார் போல. அதை விட்டுவிட்டுப் போய்த் தன் வண்டியின் மூடியைத் திறந்துவிட்டு நகர்ந்து நின்றார். அவள் குனிந்து கையை வைத்தாள். சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைசி சிலிண்டர்ல வால்வு லேசாத் தட்டுது," என்றாள்.

"எனக்கும் அப்படித்தான் பட்டுது. கை வைக்க மனசு வரல."

அடுத்த ஞாயிறு வந்து பார்க்கிறேன் என்றாள். அவர் தலையாட்டினார், சின்னப் பிள்ளை மாதிரி. அதன்பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. வந்தால் நிற்கவில்லை.

பின்னால் சம்பந்தியின் மனைவி பிளாஸ்க்கைத் திறந்து, பனியில் ஆவி பறக்க டீ ஊற்றினார். போட்டி வைத்துப் பார்க்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்க, சகலைகள் செய்ததே போதும் என்று அந்த அம்மா ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டார்.

இறங்கும்போது பச்சை வண்டி பனிக்குள் கரைந்து, சத்தமும் கரைந்துபோனது. வீட்டுக்காரர் ஏரிப் பக்கமாகச் சுற்றிப் போகலாமா, கொஞ்சம் தூரம் அதிகம் என்றார். போகலாமே என்றாள். கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியைப் பாதி இறக்கினாள். ஈரக் காற்று முகத்தில் பட்டது. சீட்டில் சாய்ந்து, அடுத்த வளைவு வருவதற்குள் தூங்கிப்போனாள்.